டோரீன் கடையில் ஒரு நிமிடம்

1

இந்தக் கதை என் ஈரத் துணியில் தொடங்கியது. கனடாவின் தண்டர் பேயில், டோரீனின் சலவைக் கடையில், என் போர்வை உலர்த்தும் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. டோரீன் வந்து அதை நிறுத்தினார். என்னைக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு உதட்டில் விரலை வைத்தார்.

கடையின் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும். கையில் ரோமத் தொப்பி போட்ட மைக். அவள் பேசவில்லை, யாரையும் பேசச் சொல்லவும் இல்லை. ஒரு நிமிடம் எதுவும் நடக்காததைப் பதிவு செய்தாள்.

அதற்குச் சற்று முன்பு, நான் ஈரத் துணிக் கூடையோடு உள்ளே வரும்போது, அவள் வாசலில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "நிகழ்ச்சி போச்சு, என் வேலையும் போச்சு, புரியுது லைல். ரெக்கார்டரைச் சாயங்காலத்துக்குள்ள குடுத்துடறேன். டோரீன்கிட்டயா? இன்னும் சொல்லல."

பிறகு அவளும் டோரீனும் கல்லா அருகே பேசியது எனக்குக் கேட்கவில்லை. என் போர்வையின் பித்தான்கள் இயந்திரத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தன.

ஆக, என்னிடம் இருப்பது ஒரு நிமிடமும் பாதித் தொலைபேசிப் பேச்சும். மற்றதை நான் கட்டினேன்.

2

முதல் தொடக்கம் (மைக் பெண்ணுக்கு டெஸ்ஸா என்று பெயர் வைத்தேன்):

டெஸ்ஸாவின் வேலை போன காலையில் ஏரியின் மேல் பனிமூட்டம்

[ஏரி எதற்கு? அவள் அதைப் பார்க்கவே இல்லை.]

இரண்டாவது:

வானொலி நிலையத்தின் பின்கதவில் டெஸ்ஸா தன் நுழைவு அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. அட்டையைக் கையுறையில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். சிவப்பு. குளிரில் அட்டை கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அக்குளில் வைத்துச் சூடாக்கினாள்.

[இது இருக்கட்டும்.]

கதவை உள்ளிருந்து திறந்தவர் லைல். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர். கையில் அவளுடைய காப்பிக் கோப்பை.

"மெயில் பாக்கலையா நீ?"

"பஸ்ல தூங்கிட்டேன். என்ன மெயில்?"

"ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சியை எடுத்துட்டாங்க. தலைமை ஆபீஸ்ல முடிவு. நிகழ்ச்சி இல்லன்னா பயிற்சிக்கு வந்த ஆளும் வேணாமாம்."

"சாரி," என்றாள் டெஸ்ஸா.

"நீ எதுக்குச் சொல்ற?"

"தெரியல. சாரி."*

* இந்த ஊரில் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்தால், மிதிபட்டவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார். நானும் இப்போது அப்படித்தான்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்தாள். நிலையத்தின் குளிர்பெட்டியில் தன் தயிர் இருக்கிறதே என்று கவலைப்பட்டாள். இந்தப் பயிற்சி முடியாமல் கல்லூரி பட்டம் தராது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அழுகை வருமா என்று பார்த்தாள். தயிர்தான் திரும்பத் திரும்ப வந்தது.

3

கர்ட்டை நான் கட்டவில்லை. கல்லாவுக்குப் பின்னால் அவன் படம் இருக்கிறது. மரம் ஏற்றிய லாரி, முன்னால் அவன். டோரீனின் மகன். அவன் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஏன் வருவதில்லை? படகு என்று வைத்துக்கொள்கிறேன். அவன் ஆல்பர்ட்டாவில் வேலையிலிருந்தபோது, இறந்துபோன அப்பாவின் படகை டோரீன் அவனைக் கேட்காமல் விற்றுவிட்டார்.

போன வாரம் கடை திறப்பதற்கு முன்பு, இயந்திரங்கள் எல்லாம் நின்றிருக்க, டோரீன் அதை ஞாயிறு நிகழ்ச்சிக்காக டெஸ்ஸாவின் மைக்கில் சொன்னார். "உன்னைக் கேட்டிருக்கணும்டா. தார்ப்பாயை எடுத்தாலே உங்கப்பா வாசனை வந்துச்சு. என்னால அதை வெச்சுக்க முடியல." நடுவில் நீளமாக இருமினார்.

டெஸ்ஸாவுக்கு அதுதான் முதல் சொந்தப் பேட்டி. நிலையத்துக்கு வந்து கேட்டபோதுதான் தெரிந்தது, அறையின் மௌனத்தைப் பதியாமல் வந்துவிட்டாள். அதில்லாமல் இருமலை வெட்ட முடியாது. வெட்டிய இடத்தில் அதே அறையின், யாரும் பேசாத சத்தத்தை வைத்து ஒட்ட வேண்டும். குளிர்பானப் பெட்டியின் முனகல், குழாயில் தண்ணீர். லைல் முதல் நாள் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

"போய் எடுத்துட்டு வா. எல்லாரும் ஒரு தடவை மறப்பாங்க," என்றார் லைல். அப்போது நிகழ்ச்சி இருந்தது.

4

இங்கே எனக்கு டெஸ்ஸாவின் மேல் சந்தேகம் வருகிறது. ஒலிபரப்பே கிடையாது. பிறகு எதற்கு மௌனத்தை எடுக்க வந்தாள்?

பொறுப்புள்ள பெண் என்பதால்

[பொய். பொறுப்பானவள் முதலில் சொல்லியிருப்பாள்.]

சொல்லத்தான் வந்தாள், வந்த இடத்தில் வாய்

[இருக்கலாம்.]

அவளுக்கே தெரியாது. பேருந்து நின்றது, இறங்கினாள். இதை வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

"வா ரேடியோ," என்றார் டோரீன். அவளுக்கு அவர் வைத்த பெயர். "கோப்பைல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காலிக் கோப்பையத் தூக்கிட்டா ஊர் சுத்தற? நல்ல பொழப்புதான்."

"அன்னைக்கு ஒண்ணு மறந்துட்டேன் டோரீன். யாரும் பேசாம ஒரு நிமிஷம் எடுக்கணும். உங்க இருமலை வெட்டிட்டு அங்க ஒட்டறதுக்கு."

"இருமல் இருந்துட்டுப் போகுது. கர்ட்டுக்கு என் இருமல் தெரியும்."

டெஸ்ஸா கோப்பைக்குள் பார்த்தாள். "நான் அவருக்கே அனுப்பிடட்டுமா? நேரா ஃபோனுக்கு?"

"அனுப்பினா தொறக்க மாட்டான். என் பேரைப் பாத்தாலே போதும். ஞாயித்துக்கிழமை லோடு ஏத்தறப்போ உங்க நிகழ்ச்சியத்தான் போடுவான், சின்ன வயசுலேர்ந்து. அப்படித் தானா காதுல விழணும். ரேடியோவ நிறுத்தக் கை போறதுக்குள்ள ரெண்டு வார்த்தை உள்ள போயிடும்ல?"

"போயிடும்," என்றாள் டெஸ்ஸா.

[இந்த ஒரு சொல்லை மூன்று முறை அழித்தேன். மூன்று முறையும் அவளே திரும்பச் சொன்னாள்.]

"அப்ப எடு. அந்த ஆளோட மெஷினை நிறுத்தறேன். சும்மா போர்வைதான்."

அந்த ஆள் நான்.

5

முடிவுகள்.

அ. பதிவுக்கு முன்பே டெஸ்ஸா சொல்லிவிடுகிறாள். டோரீன், "சரி, உனக்கு வேலை போச்சா? அதைச் சொல்லாம என்னமோ பேசிட்டிருக்க," என்று அவளுக்குச் சாப்பிட இளஞ்சிவப்புப் பாகு தடவிய பன் ஒன்றைத் தருகிறார். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் நான் அங்கே இருந்தேன். பன் எதுவும் வரவில்லை.

ஆ. லைல் எங்கோ பேசி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தருகிறார். கர்ட் வண்டியை ஓரமாக நிறுத்தி

[லைலுக்கே வேலை நிலைக்குமா தெரியாது. விட்டுவிட்டேன்.]

இ. அவள் சொல்லாமலே போய்விடுகிறாள். டோரீன் ஒவ்வொரு ஞாயிறும் வானொலியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் அந்தக் கடைக்குத்தான் வாராவாரம் போகிறேன்.

6

இது நடந்தது.

ஒரு நிமிடம். குளிர்பானப் பெட்டி முனகியது. தெருவில் பனி உருக உப்புத் தூவும் வண்டி போனது. டெஸ்ஸா காதில் ஹெட்ஃபோனோடு கண்ணை மூடியிருந்தாள். டோரீன் மூச்சை அடக்கி நின்றார். இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார், முகம் சிவந்தது, விடவில்லை. டெஸ்ஸா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிடம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை.

பிறகு, "போதும்," என்றாள்.

டோரீன் இருமித் தீர்த்தார். கண்ணைத் துடைத்தபடி என் இயந்திரத்தருகே வந்தார்.

"எந்த ஞாயித்துக்கிழமை வரும்?" என்று கேட்டார்.

டெஸ்ஸா வாயைத் திறந்தாள். அதே நேரம் டோரீனின் கை வழக்கம்போல என் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியது. பித்தான்கள் அடிக்கத் தொடங்கின.

அவள் உதடுகள் அசைந்தன. ஒரு மாதத்தின் பெயருக்கும் தேதிக்கும் ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் அசைந்தன. டோரீன் அலமாரி மேலிருந்த வானொலியை நோக்கிக் கை நீட்டினார். கையை அதன் மேல் வைத்தார். போட்டாரா, சும்மா வைத்துக்கொண்டாரா, எனக்குக் கேட்கவில்லை.

இயந்திரத்தின் கதவைத் திறந்தால் அது நின்றுவிடும், அவள் சொல்வது கேட்கும். கதவு என் முழங்காலுக்கு எதிரே இருந்தது. நான் திறக்கவில்லை. நீங்கள் திறந்துகொள்ளலாம். போர்வை இன்னும் ஈரம்தான்.