எதிரில் உட்கார்ந்தவர்

அக்காவின் இமைகளைத் தங்கை ஈரத்துணியால் தடவி மூடினாள். கையை எடுத்ததும் இடது இமை மட்டும் மெல்லத் திறந்துகொண்டது.

"உயிரோட இருந்தப்பவும் சொன்ன பேச்சு கேக்க மாட்டா," என்றாள் சித்தி, மூக்கை உறிஞ்சியபடி.

வாசலில் கார் நின்றது. அக்கா பாதி ஆயுளைக் கழித்த மாற்றுத்திறனாளிகள் விடுதியில் நடந்த கொடுமைகளை விசாரிக்கும் ஆணையத்தின் செயலர், மலர்வளையத்துடன் இறங்கினார்.

அக்காவுக்கு நாக்கும் கைகளும் ஒத்துழைக்காது, கண்கள் ஒத்துழைக்கும். எழுத்துகள் ஒட்டிய கண்ணாடி போன்ற பலகை ஒன்றை நடுவே பிடிக்க வேண்டும். அவள் முதலில் மெய்யெழுத்தைப் பார்ப்பாள், பிறகு உயிரெழுத்தை. எதிரில் இருப்பவர் பலகையின் ஊடே அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து, எழுத்துக்கூட்டிச் சொல்வார். சரியென்றால் இமைப்பாள். போன வாரம்கூட அப்படித்தான், சித்தி போட்ட டீ கழுநீர் மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் ஒன்று: பேச வேண்டுமானால் அவள் எதிராளியின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

விசாரணையன்று, குடும்பத்தார் பலகை பிடித்தால் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்று தங்கையை வெளியே உட்காரவைத்தது ஆணையம். பலகை படிக்கத் தெரிந்தவர் என்று அவர்கள் கூட்டிவந்தது விடுதிக் காப்பாளரை. அந்த ஆள் மட்டும் வேண்டாம் என்று தங்கை கெஞ்சினாள். ஆட்சேபணையைச் சாட்சிதான் சொல்ல வேண்டும் என்றார்கள். எப்படிச் சொல்வது? அவரிடமேதான்.

அவர் எதிரில் உட்கார்ந்ததும் அக்கா கண்களை மூடிக்கொண்டாள். கடைசிவரை திறக்கவில்லை. சாட்சி பதிலளிக்க மறுத்தார் என்று பதிவானது. மறுவிசாரணைக்கு நாள் கிடைப்பதற்குள் சளி நெஞ்சை அடைத்துவிட்டது.

செயலர் வளையத்தை வைத்துவிட்டு, அடுத்த முறைக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்திருந்ததாகச் சொன்னார்.

"மறுத்தார்னு இருக்கிற வரியை எடுத்துடுங்க சார்," என்றாள் தங்கை.

"சாட்சியே இல்லாதப்ப எப்படிம்மா திருத்துறது? அன்னிக்கு அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

தங்கை உள்ளே போய்ப் பலகையை எடுத்துவந்தாள். அக்காவின் பக்கத்தில் நின்ற செயலருக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா வீட்ல எங்கிட்ட சொன்னதை நான் சொல்றேன். என் கண்ணைப் பாருங்க சார். பாத்தாதான் படிக்க முடியும்."

காப்பாளர் பெயரின் முதல் எழுத்தில் அவள் பார்வையை நிறுத்தினாள்.

செயலர் தலைகுனிந்து, மலர்வளையத்தின் ரிப்பனைச் சரிசெய்யத் தொடங்கினார்.

அவள் பலகையை இறக்கவில்லை. எழுத்துகளுக்கு அப்பால் அக்காவின் இடது கண் திறந்திருந்தது.