மாப்பிள்ளை மணிக்கூடு

தனுசியா அழுவதற்கு வாயைத் திறந்ததும் அம்மாவின் கை வந்து பொத்தியது.

"சத்தம் போடாதை பிள்ளை. நிலக்ஷன்ரை கையிலை அப்பாவின்ரை மணிக்கூடு கிடக்கு."

கட்டிலில் அப்பா பரராசசிங்கம் நித்திரையிலேயே உயிர்விட்டிருந்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

பதுளையில் கடை வைத்திருந்த காலத்தில், தோட்டத்துரைமார் விற்றுவிட்டுப் போன பழைய சுவிஸ் மணிக்கூடுகளைத் தேடித் தேடி வாங்கிய மனிதர். தங்கக் கூடு, தோல் பட்டி, ரூபாய் நாணயக் குற்றியைப் போன்ற மெலிவு. கலவரத்தில் கடை போனது. அவற்றை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு மண்கும்பானுக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு ஊரில் யாருக்குக் கலியாணம் என்றாலும் முதல்நாள் பின்னேரம் மாப்பிள்ளை இவரிடம் வரவேண்டும். ஒன்றைத் தெரிந்தெடுத்து, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, தன் கையாலேயே கட்டிவிடுவார். தாலி ஏறுமட்டும் கழற்றக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இதுவரை ஒருவனும் கழற்றியதில்லை என்பதில் அவருக்கு இருந்த பெருமை, தனுசியா பட்டம் வாங்கியபோதுகூட இருக்கவில்லை.

நேற்று மாப்பிள்ளை நிலக்ஷனுக்குப் பெட்டியில் இருந்ததொன்றும் எடுபடவில்லை என்று தன் கையில் கிடந்ததையே கழற்றிக் கட்டினார். இன்றைக்கு நயினாதீவு அம்மன் கோயிலில் கலியாணம். இங்கே அழுகுரல் கேட்டால் அங்கே செய்தி பறந்துவிடும். செத்தவரின் சாமான், துடக்கு, ஆகாது என்று மாப்பிள்ளையின் தாய் மணிக்கூட்டைக் கழற்றிப்போடுவாள். பொடியன் மணவறையில் முகம் செத்து இருப்பான். அப்பாவின் பெருமையும் அவரோடேயே போய்விடும்.

"தாலி ஏறட்டும். பிறகு ஆசைதீர அழுவம்," என்றாள் அம்மா.

முதல் படகிலேயே கலியாணத்துக்குப் போயிருந்த கணவன் கீர்த்திகனைத் தனுசியா போனில் பிடித்துக் குசுகுசுத்தாள். பாவம், மாமாவில் உயிரையே வைத்திருந்தவன். ஒருவருக்கும் சொல்லாமல், படம் பிடிக்கிறவனைப்போல முன்னுக்குப் போய், வீடியோ அழைப்பில் போனைத் தூக்கிப் பிடித்தான்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அன்னபூரணம் அக்கா புட்டோடு வந்து நின்றாள். அண்ணை எழும்பவில்லையோ என்று எட்டிப் பார்த்தவளுக்கு விளங்கிவிட்டது. அம்மா அவளைப் பிடித்து இருத்திக் காரணத்தைச் சொன்னாள். அக்காவின் புருசனும் இவர் கட்டிவிட்ட மணிக்கூட்டோடு தாலி கட்டியவர்தான். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். செத்தவீடுகளில் முதல் குரல் எடுக்கிற மனுசி அல்லவா, அடக்க அடக்க விக்கல் வந்துவிட்டது. விக்கலைக் கேட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, தனுசியாவுக்கும் வந்தது. மூன்று பேரும் சத்தம் வராமல், கண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்கள்.

திரையில் ஐயர் மேளகாரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அம்மா போனை வாங்கி, அப்பா மணிக்கூட்டை வைப்பதுபோல, அவர் காதோடு வைத்தாள். கெட்டிமேளம் அறை முழுக்கக் கொட்டியது. தாலி முடிகிற கையில் தங்கம் மினுங்கியது.

"இஞ்சேருங்கோ, தாலி ஏறீட்டுது. பொடியன் கழட்டேல்லை."

பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனி அழு பிள்ளை."

அன்னபூரணம் அக்கா வாயிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தாள். தனுசியா அப்பாவின் இடதுகையைத் தூக்கி மடியில் வைத்தாள். பட்டி கிடந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது.