திருப்பித் தட்டாத கை

முயுண்டா கொலை வழக்கில் நான்தான் விசாரணை அதிகாரி. மோங்கு நீதிமன்றத்தில் கடைசிச் சாட்சியும் நானே. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பாதி குடைந்திருந்தபோது நேரம் முடிந்துவிட்டது.

"இன்ஸ்பெக்டர், குறுக்கு விசாரணை முடியற வரைக்கும் வழக்கைப் பத்தி யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நீதிபதி தலைநகர் லுசாக்காவுக்குப் புறப்பட்டார். அடுத்த அமர்வு, வருஷா வருஷம் ஊரைச் சூழும் வெள்ளம் வடிந்த பிறகாம். நல்ல கூத்து!

வக்கீல் கடைசியாகக் கேட்டதுதான் என்னை அரித்தது. "செத்தவனோட அம்மா வீட்டுல உக்காந்து மீன் சாப்பிட்டீங்களே, அப்பவே சாட்சி சொல்லிக் கொடுத்தாச்சா?"

சாப்பிட்டது உண்மை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தட்டை நீட்டினால் எவன் வேண்டாம் என்பான்? ஆனால் இனி அவளோடு நான் நிற்பதை ஒருத்தன் பார்த்தாலும் வழக்கு அம்போ. கொன்ற படகு முதலாளி சிரித்துக்கொண்டே வெளியே வருவான்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட வாய் குடுக்காதீங்கப்பா, உங்களையும் கூண்டுல ஏத்திடுவாங்க" என்று சார்ஜென்ட் லுபிண்டா மற்றவர்களிடம் என்னைக் காட்டிக் கிண்டலடித்தான். கிண்டல் போகப்போக நிஜமாயிற்று, ஸ்டேஷனில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. மனைவிக்குத் தொலைவில் செஷெகேயில் ஆசிரியை வேலை. சோளக்களியைக் கிண்டித் தனியாகத் தின்றேன். பாழாய்ப்போன வீட்டில் என் தொண்டைச் செருமல்தான் எனக்குத் துணை.

ஒருநாள் படகுத்துறைச் சந்தையில் முயுண்டாவின் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். கூடையை இறக்கி, மண்டியிட்டு, மெல்லக் கைதட்டி வணங்கினாள். எங்கள் ஊரில் எதிரியே அப்படி வணங்கினாலும் திருப்பிக் கைதட்டுவதுதான் மரியாதை. எதிர்க் கடையில் வக்கீலின் குமாஸ்தா தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஐயா, நம்ம வழக்கு என்னாச்சுங்கய்யா?"

கைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு நடந்தேன்.

"எவ்வளவு வாங்கின? எம்பிள்ளைய வித்துட்டியாடா!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. ஐயோ, அந்தக் குரல்!

வெள்ளம் வடிந்தது. மறுபடி கூண்டு.

"இடையில அந்தம்மாகிட்ட பேசினீங்களா?"

"இல்லை."

"வணக்கம்கூடச் சொல்லலை?"

"அவங்க கைதட்டினாங்க. நான் திருப்பித் தட்டலை."

கூட்டத்தில் யாரோ 'ச்சீ' என்றார்கள். வக்கீலுக்கு அதற்குமேல் கேள்வி இல்லை. படகு முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது.

வெளியே மரத்தடியில் முயுண்டாவின் அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தனியாக நின்றாள். எல்லோரும் பார்க்க மண்டியிட்டுக் கைதட்டினேன். அவள் கைகள் போர்வைக்குள்ளேயே இருந்தன.

"அன்னைக்கு நீங்க திருப்பித் தட்டியிருந்தா அவன் தப்பிச்சிருப்பானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் வரவில்லை.

"தெரியலைங்கம்மா."

"தெரியலையா" என்றாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.