ஜன்னல் திரை பேன்ட்

மறுநாள் பள்ளிக்கு யூனிஃபார்ம் வேண்டாம். சின்னவளின் ஏழாம் வகுப்புத் தோழிகள் நால்வரிடமும் தொளதொள பேன்ட் இருந்தது. அவளிடம் இருந்ததோ அக்கா போட்டுக் கழித்த, காலோடு ஒட்டும் ஜீன்ஸ். அம்மாவை நச்சரித்து, அதைப் பக்கவாட்டில் பிரித்து, பழைய ஜன்னல் திரையின் பூத்துணியை வைத்துத் தைக்கச் செய்தாள். குடையாய் விரிந்தது!

காலையில் கால் தரையில் பாவாமல் ஓடினாள். பள்ளி வாசலில் நால்வரும் இறுக்கமான பேன்ட்டில் கம்பமாய் விறைத்து நின்றார்கள்.

“அடிப்பாவி! நீ தனியாத் தெரியக் கூடாதுன்னு பழசைத் தேடிப் போட்டுட்டு, மூச்சு விட முடியாம நிக்கிறோம்டி!” என்று கத்தினாள் நால்வரில் உயரமான நெட்டச்சி.

கத்தியவள் பூவைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். அவளுடைய இறுக்கமான பேன்ட் தொடையிலிருந்து முழங்கால்வரை டர்ரென்று தையல் விட்டது.

“அந்தத் திரை மிச்சம் இருக்காடி?”