இடது முன் சக்கரத்துச் சத்தம்

தராசுக்காரர் வருகிறார் என்றால் கடைத்தெருவே நிமிர்ந்து உட்காரும். கடைகடையாகப் போய் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் உத்தியோகம். முள் மயிரிழை தள்ளி நின்றாலும் முத்திரை கிடையாது. யார் வற்புறுத்தினாலும் ஒரு வாய் டீ குடிக்க மாட்டார். மனுஷன் நெருப்பு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது பாராட்டா வயிற்றெரிச்சலா என்று அவர் விசாரித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழிந்த பனியனோடு வீட்டு வாசலில் குந்தி, காருக்கு ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக இடது முன் சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். தெரு முனையில் கார் திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்கும். பிரேக் தேய்ந்துவிட்டது என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"பிரேக் பிடிக்காதப்பவும் வருதுங்க," என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்குத்தான் அவசரம். பதினோரு வருஷம் மருந்துக்கடையில் நின்றவளுக்கு ஊருக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை லைசென்சும் வாங்கி வைத்திருந்தாள். கார் சாவியைக் கேட்கும்போதெல்லாம் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: பஸ் இருக்கு. ஆறு மணிக்கு ஏது பஸ் என்று கேட்டால், மற்ற நேரத்தில் இருக்கிறதே என்பார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"சத்தம் நிக்கட்டும். அன்னைக்கே சாவி உன் கையில."

வாக்கு என்றால் வாக்கு. புதுப் பிரேக் கட்டைகள் வாங்கி வந்தார். கூடவே சின்னக் குழாயில் நீல நிற கிரீஸ். பின் சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து, நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பிடிக்கும் இரும்புக் கவ்வியைப் பிரித்து, பிரேக் குழாய் இழுபடாமல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, புதுக் கிரீஸைப் பிரித்துக் கவ்வியின் ஆணிகளுக்குத் தடவினார். எல்லாம் சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்தால் பழைய கட்டைகள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. பாதிகூடத் தேயவில்லை.

தராசுக்காரருக்கு முகம் சுருங்கியது. டார்ச் அடித்துக் குனிந்தார். சுழலும் இரும்புத் தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத்துக்கும் நடுவில், பட்டாணி அளவில் ஒரு கல் சிக்கியிருந்தது. கிரீஸ் விரலாலேயே தகரத்தை லேசாக வளைத்து அதை எடுத்தார். தட்டைக் கையால் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை. ஒரு மாதத்து ரகளை உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் கல்லை உருட்டிக்கொண்டே கணக்குப் போட்டார். இனிமேல் அவள் அவரைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள். "கொஞ்சம் அங்கே விட்டுடறீங்களா" என்று குழைய மாட்டாள், அவரும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு "சரி வா" என்று சொல்ல முடியாது. அந்தப் பெருமூச்சில் எவ்வளவு சுகம் இருந்தது என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அவள் எங்காவது இடித்துவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாரே, அதெல்லாம் சும்மா. இடிக்காமல் ஓட்டிவிடுவாள் என்பதுதான் பயம்.

தெருவைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு நெருப்பு மனுஷன், ஊருக்கெல்லாம் முள்ளை நேராக நிறுத்தும் புண்ணியவான், கல்லை எடுத்த இடத்திலேயே பதமாகச் செருகி வைத்தார்.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கரகரப்பு நன்றியோடு கூடவே வந்தது. மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கும் தட்டே போய்விட்டது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், எப்படியும் மூன்று வாரம் ஆகும் என்று அவர் கூசாமல் அளந்தார். அவளுடைய முகம் வாடிப்போனதைப் பார்த்தபோது அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் கையைக் கழுவிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

எழுந்து வந்தபோது மணி நான்கு. மனைவி கூடத்து மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். முழங்கை வரைக்கும் கரி. மேஜைமேல் விரித்த செய்தித்தாளில் சக்கரம் கழற்றும் ஸ்பானரும், அதன் பக்கத்தில் அந்தக் கல்லும் இருந்தன.

"தட்டு நல்லாத்தான் இருக்கு. இதுதான் நடுவுல மாட்டியிருந்துச்சு," என்றாள்.

தராசுக்காரர் சட்டென்று சமாளித்தார். அடடா, இதுவா, நம் கண்ணில் படாமல் போய்விட்டதே, இந்தப் பாழாய்ப்போன ரோட்டில் ஒரு மாதம் முன்னால் ஏறியிருக்கும் என்று ஆச்சரியத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டினார்.

அவள் கல்லை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதன் முதுகில் நீல கிரீஸ், கட்டைவிரல் ரேகையோடு பளிச்சென்று இருந்தது. "கல்லு ஒரு மாசம் இருந்திருக்கும். கிரீஸ் குழாய இன்னைக்குக் காலைலதானே பிரிச்சீங்க?"

தராசுக்காரர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை கடைக்காரர்கள் அவர் முன்னால் இப்படி நின்றிருக்கிறார்கள்! அவர்களாவது பொய்க்கு ஒரு காரணம் சொல்வார்கள். இவர் உள்ளே போனார், தலையணையைத் தூக்கினார், சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். ஏதாவது பேசியாக வேண்டுமே என்று, "நட்டெல்லாம் இறுக்கினியா?" என்று கேட்டார்.

"இறுக்கிட்டேன்."

"நாளைக்கு எனக்கும் சந்தைப் பக்கம் சோதனை இருக்கு," என்றார் தராசுக்காரர், குரல் தானாகவே குழைந்தது. "போற வழியில கொஞ்சம் விட்டுடறியா?"

அவள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நிதானமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பஸ் இருக்குங்க," என்றாள்.