மஞ்சள் பூ தின்ற கழுதை

மழைக்காலம் பாதி கடந்துவிட்டால் என் கடைப் படி ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது, "எலேனி அட்டை வந்துடுச்சா?" என்பதைத்தான்.

அராத் கீலோ சரிவில், நோட்டும் உறையும் வாழ்த்து அட்டையும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. எலேனி படம் வரைகிறவள். மழை முடிகிற செப்டம்பரில் வரும் எங்கள் புத்தாண்டுக்கு அடிஸ் அபாபாவில் வாழ்த்து அட்டை வாங்குகிற யாருக்கும் அவள் பெயர் தெரிந்திருக்கும். நானும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவளுடைய ஆண்டு நம்முடையதைப் போல ஓடாது. ஊரே பெரிய நோன்பில் இருக்கும்போது அவள் புத்தாண்டுக்குப் பூ வரைந்துகொண்டிருப்பாள். அந்தப் பூக்கள் நிஜமாகவே மலைச்சரிவில் மஞ்சளாகப் பூக்கும்போது அவள் மேசையில் நாலு மாதம் கழித்து வரும் திம்கத் திருவிழாவின் ஜரிகைக் குடைகள் காய்ந்துகொண்டிருக்கும். மழைநாளில் வண்ணம் லேசில் காயாது. காபி போடும் கரியடுப்புக்கு மேலே கயிறு கட்டி, படங்களைத் துணிபோலத் தொங்கவிடுவாள். எலேனி அட்டையை முகர்ந்தால் காபி வாசனை வருகிறது என்று சத்தியம் செய்கிற வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. அச்சகத்திலிருந்து வருகிற அட்டையில் எப்படி வரும்? ஆனாலும் நான் மறுத்துப் பேசியதில்லை.

அவள் வீட்டுச் சுவர் முழுக்கப் பழைய காகிதம். பேரரசர் காலத்துத் தீப்பெட்டி லேபிள்கள், டீத்தூள் உறைகள், அரிச்சுவடிப் பக்கங்கள், பேருந்துச் சீட்டுகள். "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு மூணே கலர்தான் கிடைச்சுது. அதனால உக்காந்து யோசிச்சாங்க. எனக்கு முந்நூறு கலர் இருக்கு, யோசனைதான் வரல" என்பாள்.

அது விளையாட்டுப் பேச்சில்லை என்று போன ஆண்டு தெரிந்தது. அவள் அட்டைகள் என் அலமாரியிலேயே தங்கிவிட்டன. பூ பூவாகத்தான் இருந்தது, அதை ஏந்திய சிறுமி சிறுமியாகத்தான் இருந்தாள். ஆனால் எடுத்துப் பார்க்கிறவர்கள் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். "என் கை தூங்கிக்கிட்டே வரையுது, சினிது" என்றாள் என்னிடம். காபி ஊற்றிக் கொடுத்தேன்.

இந்த ஆண்டு நோன்பு தொடங்குவதற்கு முன்பு அவள் மெர்காதோ சந்தையின் பழஞ்சாமான் சந்தில் ஒரு பிஸ்கட் டப்பா வாங்கி வந்தாள். ஓட்டைப் பானைக்கும் கைப்பிடி போன வாணலிக்கும் நடுவில் கிடந்ததாம். உள்ளே சட்டைப் பெட்டி அட்டையை வெட்டி, பேனாவாலும் வண்ணப் பென்சிலாலும் வரைந்த இருபத்தாறு புத்தாண்டு வாழ்த்துகள். ஆண்டுக்கு ஒன்று. பின்புறம் ஆண்டும், ஒவ்வொன்றிலும் ஒரே வரியும்: 'மழை விட்டது, நான் இங்கேதான் இருக்கிறேன்.' பெயர் இல்லை. வரைந்தவருக்கு வரையத் தெரியவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பறவைகளுக்கெல்லாம் முள்கரண்டி மாதிரி கால். ஆனால் பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

அவற்றிலிருந்து ஆறு படங்களை எடுத்து, தன் வண்ணத்தில், தன் கோட்டில் புதிதாக வரைந்தாள் எலேனி. அவள் கை விழித்துக்கொண்டது. மஞ்சள் பூமாலையைத் தின்றுகொண்டே ஒன்றும் அறியாததுபோல் நம்மைப் பார்க்கிற ஒரு கழுதை. ஆண்டின் கடைசியில் ஐந்தாறு நாளே வரும் பாகுமே மாதத்து மழையில் கூந்தலை அலசுகிற ஒரு பெண்ணின் முதுகு. குருவி, குடை என்று இன்னும் நான்கு.

"யாரு வரைஞ்சதுன்னு தெரியலையா?" என்று கேட்டேன்.

"பேரு போடல. போட்டிருந்தா தேடியிருப்பேன்."

"தேடவே இல்லையா?"

அவள் தூரிகையைக் கழுவப் போய்விட்டாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு அட்டை வேண்டியிருந்தது.

அட்டைகள் வந்த முதல் வாரமே கழுதை தீர்ந்துபோய் மறுபடி அடிக்கச் சொன்னோம். புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, மருந்துக்கடை வெள்ளை அங்கியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும். ஜுரத்துக்கு மாத்திரை வாங்கப் போனால் சிரித்துக்கொண்டே கொடுப்பாளே, அந்த மாதிரி முகம். அலமாரி முன்னால் நின்றவள் நகரவில்லை. வெகுநேரம் கழித்துக் கழுதையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இத யாரு வரைஞ்சா?"

"எலேனி. பின்னாடி பேரு இருக்கு பாருங்க."

"இல்ல. இது எங்க கழுத." குரல் உயரவில்லை. "எங்கப்பா அம்மாவுக்கு வரைஞ்சது. கல்யாணத்தன்னிக்கு அம்மாவோட சாமானை ஏத்திட்டு வந்த கழுத, வாசல்ல கட்டியிருந்த மாலை மொத்தத்தையும் தின்னுடுச்சு. இது எங்க வீட்டுக் கத. உங்க கடைக்கு எப்படி வந்துச்சு?"

நான் அவளை உட்காரவைத்துவிட்டு எலேனிக்குப் போன் செய்தேன். குடைகூட எடுக்காமல் நனைந்துகொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் வொசெனே. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மா இறந்ததும் உறவுக்காரர்கள் வந்து வீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். பழைய பாத்திரங்களோடு டப்பாவும் போய்விட்டது. அது சந்தையில் தனக்குக் கிடைத்த கதையை எலேனி சொன்னாள்.

"அப்பா மூணு மாசம் தேடினாரு. கட்டிலுக்கு அடியில, கோழிக்கூண்டுல, எல்லா எடத்துலயும். அப்புறம் அதப் பத்திப் பேசுறதையே விட்டுட்டாரு" என்றாள் வொசெனே. "நீங்க டப்பாவ வாங்கினது தப்பில்ல. ஆனா யாரோ ஒருத்தர் ஒருத்தருக்காக வரைஞ்சதுன்னு பாத்தாலே தெரியுமே. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றாள் எலேனி. "அதனாலதான் எடுத்தேன். ஒருத்தருக்காக வரையிறது என்கிட்ட இல்ல."

வொசெனே இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கழுதையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலேனி எழுந்துபோய் அலமாரியிலிருந்த ஆறு வகை அட்டைகளையும் தானே இறக்கி என் மேசைக்கடியில் வைத்தாள். "டப்பாவ நானே கொண்டு வந்து அவர் கையில குடுக்கிறேன். அவர் என்ன சொல்றாரோ அதுதான்."

பாகுமே மூன்றாம் நாள், ரஃபேல் திருநாளன்று போனோம். தனியாகப் போக எலேனிக்குக் கால் வரவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டாள். அவர்கள் வீடிருக்கும் குலெலேயில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைய மழை ஆசீர்வாதம் அல்லவா, தெருவெல்லாம் பெண்கள் வாளியும் பானையும் வெளியே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் அரைகுறை உடையோடு வாய் திறந்து நின்றன.

வொசெனேயின் அப்பா கெபெயெஹு முப்பது ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டியவர். கம்பளிக் குல்லாயும் முழங்கால் வலியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வொசெனே ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். எலேனி டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, மடியில் ஆண்டு வரிசைப்படி அடுக்கினார். நடுவில் ஒன்று இடம் மாறியிருந்தது, சரிசெய்தார். வொசெனே பாப்கார்னை வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை.

"உன்னோடத காட்டு" என்றார் கடைசியில்.

எலேனி ஆறையும் கொடுத்தாள். கழுதையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"இவன எதுக்கு இவ்வளவு அழகாக்கி வச்சிருக்க? திருட்டுப் பய. வாடகைக் கழுத. ஒரு காது கிழிஞ்சிருக்கும்."

"உங்க படத்துல காது கிழியலையே, காஷே" என்றாள் எலேனி. பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"எனக்குக் கிழிஞ்ச காது வரைய வராது." பறவை அட்டையை எடுத்தார். "காலு நல்லா வந்திருக்கு. இருபத்தாறு வருஷம் முயற்சி பண்ணினேன், இந்தக் காலு மட்டும் வரவே இல்ல. யெஷி சிரிப்பா. இது குருவியா, முள்கரண்டியான்னு கேப்பா."

அவர் மனைவி பெயரைச் சொன்னதும் வொசெனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தன வீட்டுக்குப் போயிருக்கு இது?" என்று என்னிடம் கேட்டார்.

"கழுத மட்டும் எண்ணூறு, தொள்ளாயிரம் இருக்கும், காஷே."

"யெஷி இத பக்கத்து வீட்டுக்காரிக்குக் கூடக் காட்ட மாட்டா. சின்னப் புள்ள கிறுக்கின மாதிரி இருக்கு, என் மானத்த வாங்காதன்னு டப்பாவுல போட்டு மூடிடுவா." கொஞ்சம் யோசித்தார். "தொள்ளாயிரம் வீடு."

அவர் முகத்தில் இருந்தது வருத்தமா பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மிச்சம் எல்லாத்தையும் நிறுத்திடுறேன். நான் தேடியிருக்கணும். தேடினா கெடச்சிடுமோன்னு பயந்துதான் தேடல" என்றாள் எலேனி.

"கழுத வீடு வீடா போகட்டும். அவன் இந்தத் தெருவுக்கே பொது. குருவி, குடை, அதெல்லாமும் போகட்டும்." பிறகு கூந்தல் அலசுகிற பெண்ணின் அட்டையைத் தனியாக எடுத்துத் தன் முழங்காலின் மேல் கவிழ்த்து வைத்தார். "இது மட்டும் வேணாம் மகளே. இது எனக்கு."

"சரி, காஷே."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம், ஆனால் முடியவில்லை. "அதுல நூத்துக்கும் மேல வித்துட்டேனே."

அவர் என்னைப் பார்த்தார். "முதுகுதான தெரியுது. யாருன்னு அவங்களுக்குத் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரிஞ்சுதே" என்றாள் வொசெனே.

"உனக்குத் தெரியாம இருக்குமா?" என்றார் அவர். மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "உங்கம்மா முதுகு."

அப்போதுதான் அவர்கள் இருவரும் அழுதார்கள். நானும் எலேனியும் பாப்கார்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புறப்படும்போது ஒரு கழுதை அட்டையை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, காது தப்பாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் வெளியே வரும்போது கேட்டோம்.

மறுநாளே எலேனி வந்து கூந்தல் அட்டையில் மிச்சமிருந்ததையெல்லாம் கட்டி எடுத்துப்போய் அச்சகத்தின் காகிதக்கூழ் மூட்டையில் தன் கையாலேயே போட்டாள். மற்ற ஐந்திலும் 'கெபெயெஹுவின் படங்களைப் பார்த்து வரைந்தது' என்று ரப்பர் முத்திரை செய்து, ஒவ்வொன்றின் பின்னாலும் குத்தினோம். என் விரல் மூன்று நாள் ஊதாவாக இருந்தது.

அலமாரியில் ஒரு வரிசை காலியாக நின்றது. பாகுமே கடைசி நாள் காலையில் எலேனி வண்ணப்பெட்டியோடு வந்து என் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பழைய படம் எதையும் கொண்டுவரவில்லை. எதிரே நடைபாதையில் ஒரு பெண் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, மஞ்சள் பூவைக் கட்டுக்கட்டாக விற்றுக்கொண்டிருந்தாள். எலேனி ரொம்ப நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாலையைக் கடந்து போனாள்.

"அக்கா, உங்கள வரையட்டுமா? நாளைக்கு அட்டையா விப்பேன்."

"என்னயா?" அந்தப் பெண் சந்தேகத்தோடு பார்த்தாள். "நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

"வேண்டாம். நீங்க பாட்டுக்கு வியாபாரம் பாருங்க."

"அப்ப இரு." தலையிலிருந்த பையை எடுத்து உதறினாள். கூந்தலைத் தடவிவிட்டாள். ஒரு கணம் யோசித்தாள். மழை வந்ததும் பையை மறுபடி கவிழ்த்துக்கொண்டாள். "இப்படியே வரை. பொய்யா எதுக்கு."

சாயங்காலத்துக்குள் முப்பது அட்டைகள், எல்லாம் கையால் வரைந்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சிலவற்றில் கோடு நடுங்கியிருந்தது, ஒன்றில் மழைத்துளி விழுந்து வண்ணம் பரவிவிட்டது. நன்றாக வந்திருக்கிறதா என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை. ஈரம் காய்வதற்கு முன்பே முதல் அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி சாலையைக் கடந்தாள். பூக்காரி அதை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் செருப்பு தைக்கிறவரிடம் காட்டினாள், அப்புறம் கட்டுகளில் மிஞ்சிய பூவையெல்லாம் அள்ளி எலேனியின் கையில் திணித்தாள்.