ஒன்பது கையெழுத்துக் கட்டு

நாற்பது சீட்டு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் செய்யும் கம்பெனியில் நான் புகார்ப் பிரிவு குமாஸ்தா. பத்தொன்பது வருடமாக மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேஜை. அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டு பால்கனி. அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போன் அடித்துப் பிரயோஜனமில்லை. அதனால் பதினோரு மணிக்கு இருதய மாத்திரையைப் போட்டதும் ஒரு நீலத் துண்டைக் கம்பியில் தொங்கவிடுவார். பதினொன்றேகாலுக்குள் துண்டு வராவிட்டால் நான் ஓட வேண்டும். ஆபீசில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு குழு போட்டுவிடுவார்கள்.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டடத்தில் இடம் பற்றவில்லையாம். ஒரு பிரிவு அடித்தளத்துக்கு, ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைக்குப் போக வேண்டுமாம். எங்கள் பிரிவா, விற்பனைப் பிரிவா? அதை முடிவு செய்ய, குழு உணர்வை வளர்க்கும் விதமாக, ஒரு சீட்டாட்டப் போட்டி. சாதாரணச் சீட்டு இல்லை. அரக்கன், டிராகன், மந்திரவாதி எல்லாம் வரும் 'அரக்கர் கோட்டை'. பிரிவுக்கு இரண்டு பெட்டி சீட்டு வந்து இறங்கியது. அதிலிருந்து பொறுக்கி ஒரு கட்டு தயாரித்து ஆட வேண்டும்.

விதிப்புத்தகம் முப்பத்திரண்டு பக்கம், பொடி எழுத்தில். எங்கள் பிரிவில் அதை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். விஷயம் இவ்வளவுதான்: எதிராளியின் கோட்டைக்கு இருபது உயிர், அதைத் தீர்த்தால் வெற்றி. சீட்டை இறக்க மாயக்கல் வேண்டும். சின்னப் பிராணிக்கு ஒரு கல், பெரிய பிராணிக்கு ஒன்பது. முறைக்கு ஒரு சீட்டு கட்டிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். எடுக்கச் சீட்டு இல்லாமல் போனால் அப்போதும் தோல்வி. கட்டில் குறைந்தது நாற்பது சீட்டு இருக்க வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு என்று போடவில்லை. எங்கள் ஆபீசைப் பார்த்திராத யாரோ எழுதியிருக்கிறார்கள்.

மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையை விட்டுவிட்டுக் கட்டைச் சேர்த்தேன். பதினாறு மாயக்கல். மற்ற இருபத்துநாலும் ஆறே வகை, வகைக்கு நாலு. எலிப்படை, கோட்டான், முள்ளம்பன்றி என்று ஒன்றிரண்டு கல்லுக்கு இறங்கும் பொடிசுகள். கட்டு சின்னதாக இருந்தால் வேண்டிய சீட்டு சீக்கிரம் கைக்கு வரும். வகை குறைவாக இருந்தால் அடுத்து எது வரும் என்று ஊகிக்கலாம். எதிராளி ஒன்பது கல் சேர்ப்பதற்குள் எலிகள் அவன் கோட்டையைக் கொறித்து முடித்துவிடும். தனியாக ஆடிப் பார்த்தேன், ஏழாவது முறையில் முடிந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

'தயாரித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்புதலுக்கு அனுப்பினேன். எங்கள் பிரிவில் பேனா வாங்கவே ஒன்பது ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அதுவும் மேலிருந்து கீழே வரும். மேலே இருப்பவர் சொன்ன பிறகுதான் கீழே இருப்பவருக்குக் கருத்தே உதிக்கும்.

மேனேஜர் கட்டை விரித்துப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, எலியும் ஆந்தையுமா? நம்ம பிரிவுக்குன்னு ஒரு கம்பீரம் வேணாமா?"

"ஜெயிக்கிறதுக்கு இது போதும் சார்."

"ஜெயிக்கிறது இருக்கட்டும். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று ஏழு தலை டிராகனைச் செருகிக் கையெழுத்துப் போட்டார். ஒன்பது கல் கேட்கும் டிராகன்.

துணை மேனேஜர் ஆறு தலை டிராகனைச் சேர்த்தார். ஒரு தலை குறைத்ததில்தான் அவருடைய பதவி உயர்வின் ரகசியமே இருக்கிறது. சட்ட அதிகாரி 'காவல் சுவர்' பதினான்கு சேர்த்தார். எதற்கு இத்தனை என்று கேட்டேன். "நாளைக்கு யாரும் நம்மளைக் கேள்வி கேட்கக் கூடாது பாருங்க" என்றார். ஹெட் கிளார்க் 'ஒத்திவைப்பு' மந்திரம் பதினொன்று சேர்த்தார். அதை இறக்கினால் அந்த முறை சண்டையே கிடையாது. அதைப் படித்ததும் அந்த மனிதரின் முகம் மலர்ந்ததே, சொந்தக் கல்யாணத்தில்கூட அப்படி மலர்ந்திருக்காது. ஸ்டோர் கீப்பர் கைக்கு வந்த இருபதை எடுத்து, "ஸ்பேரா இருக்கட்டும்" என்றார். மிச்ச நாலு பேரும் அவரவருக்குப் பிடித்த படங்களைப் போட்டார்கள்.

"ஏதாவது ரெண்டை எடுத்துடலாமா சார்?" என்று மேனேஜரிடம் கெஞ்சினேன்.

"கையெழுத்தான சீட்டை எடுத்தா அவங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்மா."

கட்டு தொண்ணூற்றேழு சீட்டோடு திரும்பி வந்தது. கலைக்கவே இரண்டு பேர் வேண்டும். மாயக்கல் மட்டும் அதே பதினாறு; கல்லுக்கு யாரும் சிபாரிசு செய்யவில்லை. அன்று மாலை அடித்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் சுவர்தான்.

விற்பனைப் பிரிவுக்கு ஆட வந்தவரைப் 'பல்வரிசை' என்போம்; எப்போதும் சிரித்த முகம். அவரிடம் கச்சிதமாக நாற்பது சீட்டு, அதில் கூடுதல் சீட்டு எடுக்கும் மந்திரங்கள் வேறு. எங்களுக்காக ஆட உட்கார்ந்தவள் நான். கையில் இரண்டு டிராகன், மூன்று தேவதை, ஒரே ஒரு கல். முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்புறம் ஒற்றைக் கல்லுக்கே இறங்கும் சுவர் ஒன்று வந்தது. ஒரு ஒத்திவைப்பு வந்தது. மறுபடி சுவர். அவர் அடிக்க அடிக்கச் சுவர் வைத்தேன். சுவர் இடிந்தால் ஒத்திவைத்தேன். அவர் கோட்டையில் ஒரு கீறல்கூட நான் போடவில்லை. என் கோட்டையில் இரண்டு உயிர் மிச்சம் இருந்தபோது பல்வரிசை சீட்டெடுக்கக் கையை நீட்டினார். அவர் கட்டு தீர்ந்திருந்தது. என்னிடம் இன்னும் அறுபத்துச் சொச்சம் இருந்தது. அவர் வாய் மூடி அன்றுதான் பார்த்தேன்.

ஜன்னல் பிழைத்தது என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் கூட்டம் போட்டார். "நாற்பதோட போயிருந்தா நம்ம கதி என்ன, யோசிச்சுப் பாருங்க" என்றார். எல்லோரும் யோசித்துத் தலையாட்டினார்கள். வெற்றியைத் தக்கவைக்க நிரந்தரக் கட்டுக் குழு அமைந்தது. ஒப்புதல் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரும் உறுப்பினர்கள். நான் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் போட்டிருந்ததால் சேர்த்தி இல்லை. குழு என்றால் அறை வேண்டுமே. ஜன்னல் பக்கத்தைப் பலகை வைத்துத் தடுத்தார்கள். மேனேஜர் ஜன்னலோரம். என் மேஜை தடுப்புக்கு இந்தப் பக்கம்.

இரண்டு நாள் பதினோரு மணிக்கு ஏதாவது ஃபைலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் மேனேஜரே வெளியே வந்தார்.

"எதிர் வீட்டுல தினம் ஒரு நீலத் துண்டைத் தொங்க விடறாங்கம்மா. பார்க்க நல்லாயில்ல. நம்ம ஆபீஸ் சார்பா ஒரு புகார் எழுது."

கோபம் தலைக்கேறியது. அப்புறம் மூளை வேலை செய்தது. "எத்தனை மணிக்கு சார்?"

"பதினொன்னு அஞ்சு இருக்கும்."

"ரெக்கார்டுக்கு வேணும் சார். தினமும் போட்ட உடனே வந்து சொல்லிடுங்க."

படிவத்தைக் கையால்தான் நிரப்ப வேண்டும். மணிமணியான எழுத்தில் நிரப்பினேன். போகாத கடிதத்துக்கு என்ன கஞ்சத்தனம்? எங்கள் பிரிவில் கெடு இல்லாத ஒரு காகிதம் ஒன்பது கையெழுத்து வாங்கி வெளியே போக ஆறு மாதம் ஆகும். மேனேஜர் நாலு நாள் தவறாமல் வந்து, "இன்னிக்கும் போட்டாச்சு" என்று சலித்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம் சார்" என்று நானும் குறித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவர் எனக்காக வேலை பார்த்தது அந்த நாலு நாள்தான்.

ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. பதினொன்றேகாலுக்கு நான் எழுந்தேவிட்டேன். அப்போது கதவு திறந்தது. அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"இன்னிக்குத் துண்டு இல்லம்மா. நம்ம குழுவோட வேகத்தைப் பார்த்தியா? ஒன்பது பேரும் ஒரே ரூம்ல இருக்கோமா, நேத்தே கையெழுத்தாயிடுச்சு. காலைல பியூன் கொண்டுபோய்க் குடுத்துட்டார்."

மூன்று மாடியையும் தெருவையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது.

அப்பா பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நீலத் துண்டு, நாலாக மடித்தபடி. அதன்மேல் கடிதம். மாத்திரை அட்டையைப் பாய்ந்து எடுத்துப் பார்த்தேன். இன்றைய மாத்திரை அதில் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

"மாத்திரையெல்லாம் போட்டுட்டேன்மா," என்றார். "துண்டுதான் போடலை. பெரிய மனுஷங்க ஒன்பது பேர் வேணாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதுக்கெல்லாம் நான் அசையற ஆளில்ல." கடிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "எழுத்து உன்னோடதா இருந்துச்சு. சரி, பொண்ணுக்கு தினம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."